சித்திரத்தில் கண்ட நாடும் சங்கத்தில் கண்ட நாடும்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் வழியே தாமிரபரணி நீர் வந்து கடம்பாக் குளம் நிறையும் காலத்தில், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத் தோட்டங்களையும் காண்போர், இஃது ஒரு சித்திரமே என்று வியப்பர். ஆயினும் கொடிக்காலின் மேல் உள்ள கடன் எவ்வளவு, தறிக்கு நூல் கொடுத்தவர் யார் என்பவற்றை அக்காட்சி உரைப்பதில்லை. காட்சிக்கும் கணக்கிற்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இம்மாதப் பாடம். 1620 முதல் 1845 வரை நம் தரங்கம்பாடியைத் தன் வசம் வைத்திருந்த டென்மார்க் தேசத்தை இதற்கு உதாரணமாகக் கொள்வோம்.

1814-இல் நார்வேயை இழந்து சிறுத்துப்போன அத்தேசத்தில், ஓவியர் பலர் இத்தாலிய நாட்டுக் காட்சிகளையே பெரிதெனப் போற்றி வந்தனர். கலை வரலாற்றறிஞர் ஹோயன், சொந்த மண்ணையும் குடியானவர் வாழ்வையுமே வரைதல் வேண்டும் என்று 1844-இல் ஆற்றிய சொற்பொழிவில் வற்புறுத்தினார். அவர் கருத்தில் ஈடுபட்ட இளைஞர் லுண்ட்பி, அதற்கு முந்திய ஆண்டிலேயே ‘ஒரு டேனியக் கடற்கரை’ என்னும் சித்திரத்தை முடித்திருந்தார். எட்டடிக்கும் மேற்பட்ட அகலமுள்ள அது, இன்று கோபன்ஹேகன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றது. மேய்ச்சல் நிலம், மாடுகள், கூரை வீடுகள் ஆகிய எளிய பொருள்களையே அவர் விரும்பி வரைந்தார். 1848-ஆம் ஆண்டுப் போரில் தொண்டராகச் சேர்ந்து, முப்பது வயது நிரம்புமுன்னரே மாண்டார்.

இத்தகைய சித்திரங்களில் நிலமும் வானமும் விரிந்து கிடக்கும்; மனிதனோ சிறியவனாகத் தோன்றுவான். 1733 முதல் 1788 வரை, பண்ணைக் குடியானவன் தான் பிறந்த பண்ணையை விட்டு வெளியேறலாகாது என்று சட்டம் இருந்தது. அது நீங்கிய பின்னரும் நிலமற்ற குடிசைவாசிகள் பலர் இருந்தனர். சித்திரத்தில் கூரையின் அழகு தெரியும். குத்தகைப் பாக்கி தெரியாது.

எனினும், தன் ஊர் மதிப்புடையது என்னும் எண்ணத்தை அக்கலை வளர்த்தது. குருண்ட்விக் என்பாரின் கருத்தை ஒட்டிக் குடியானவருக்கான முதல் மக்கள் உயர்பள்ளியும் 1844-இலேயே ரோடிங் என்னும் ஊரில் தோன்றியது. பின்னர் 1870-களில் அமெரிக்கத் தானியம் வந்து குவிந்து விலை வீழ்ந்தபோது, டேனியக் குடியானவர் பால் பண்ணைக்கு மாறினர். ஆனால் வீட்டுக்கு வீடு கடைந்த வெண்ணெய் தரம் வேறுபட்டது. ஆகவே வணிகர் குறைந்த விலையே கொடுத்தனர். 1882-இல் மேற்கு ஜட்லாந்தின் யெட்டிங் கிராமத்தார் பாலை ஒன்றுசேர்த்து, பொதுவில் ஓர் ஆலை நிறுவினர். பாலின் அளவுக்கேற்ப வரும்படி. வாக்கோ, மாட்டின் எண்ணிக்கைக்கு அன்று, ஆளுக்கு ஒன்று. ஒரே தரமான வெண்ணெய் கிடைக்கவே, இங்கிலாந்துச் சந்தையில் நல்ல விலை வந்தது. சித்திரம் மறைத்த மனிதனைச் சங்கத்தின் பதிவேடு பெயரிட்டு எழுதிற்று.

நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-இல் வந்தது. 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மகாசபைக்காக, காந்தியடிகளின் வேண்டுகோளின்படி, நந்தலால் போஸ் கிராம மக்களின் தொழில்களைத் தொடர் சித்திரங்களாகத் தீட்டினார். நூல் நூற்பவரும் தச்சரும் அவற்றில் தூரத்துப் புள்ளிகளாக இல்லை. படம் முழுவதும் நிறைந்து நிற்கின்றனர். உழைப்பவனைச் சித்திரம் எங்கே நிறுத்துகின்றது என்பதை நோக்குதல் இப்பாடத்தின் பயனாகும்.

அங்கத்தினர் தம் கூட்டத்தில் ஆராயவேண்டிய வினாக்கள்:

1. நம் ஊரை ஒருவர் வரைந்தால் எதை வரைவார்? எதை விடுவார்?

2. சரக்கின் தரம் வேறுபடுவதால் நாம் அடையும் நஷ்டம் யாது?

3. ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் விதி நம் சங்கத்தில் ஏட்டளவில் உள்ளதா, கூட்டத்திலும் உள்ளதா?

மூன்றாம் வினாவிற்கு விடை தேடாமல் கூட்டத்தைக் கலைத்தல் ஆகாது.