அயர்லாந்துக்காகப் பாடிய பள்ளி மாணவி

ஐரோப்பிய நாடுகள் 1956-இல் தொடங்கிய தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி யூரோவிஷன். ஒவ்வொரு நாட்டின் ஒலிபரப்பு நிலையமும் ஒரு பாட்டைத் தேர்ந்து அனுப்பும். 1970-இல் அயர்லாந்தின் பாட்டைப் பாடியவர், நம்மைப்போலவே கன்னியர் நடத்திய கத்தோலிக்கப் பள்ளியில் இறுதித் தேர்வுக்குப் படித்துவந்த 18 வயது மாணவி ரோஸ்மேரி பிரௌன். மேடைப் பெயர் டானா.

அவர் வளர்ந்த டெரி நகரம், நம் இராஜபாளையம் நூற்பாலைகளால் வாழ்வதுபோல், சட்டை தைக்கும் ஆலைகளால் வாழ்ந்தது. அங்கு உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே. பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட அந்நகரில் 1969 ஆகஸ்டில் கலவரம் மூண்டு, இராணுவம் தெருவில் இறங்கியது. அங்கிருந்து வந்து அயர்லாந்துக்காகப் பாடுவது சிறிய காரியமா? அதுவும், 1969 உள்நாட்டுத் தேர்வில் இரண்டாமிடமே கிடைத்திருந்தது.

பாட்டை இயற்றிய இருவரும் டப்ளினில் அச்சுக் கோப்பவர்கள். கண்ணில் படும் எளிய பொருள்களெல்லாம் அன்புக்குரியவரை நினைவூட்டுகின்றன என்பதே கருத்து. ஆண்டாளின் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே வாழும் நமக்கு இது புதிதன்று. அவரும் மேகத்திலும் மலரிலும் கண்ணனைக் கண்டவரன்றோ!

மார்ச் 21 அன்று ஆம்ஸ்டர்டாமில், வெள்ளையுடையில் முக்காலிமேல் அமர்ந்து பாடினார் டானா. முந்தைய ஆண்டு நான்கு நாடுகள் முதலிடத்தைப் பகிர்ந்ததில் மனக்கசப்புற்றுச் சில நாடுகள் விலகியிருந்ததால், பாடியவை 12 நாடுகளே. அயர்லாந்து 32 புள்ளிகள், பிரிட்டன் 26. அயர்லாந்துக்கு அதுவே முதல் வெற்றி! மறு ஆண்டுப் போட்டி டப்ளினில் நடந்தது.