புறப்பட மறுத்த வண்டி

உரைநடைப் பகுதி

நுழையும் முன்

வீட்டிலுள்ள பொருள் ஒன்று திடீரெனப் பழுதானால் மனம் பதறுவது இயல்பு. பதற்றத்தில் கைக்கு எட்டியதை எல்லாம் திருகிப் பார்த்தால் பழுது பெருகும். பழுது இருக்கும் இடத்தை வரிசையாகத் தேடிக் காண ஒரு முறை உண்டு. அம்முறைக்குக் கருவிகளைவிடவும் இன்றியமையாதது ஒன்று உண்டு. அது யாது என்பதை இப்பாடத்தில் படித்து அறிவோம்.

1

அன்று மார்கழித் திங்களின் கடைசி நாள், போகி. தில்லியில் மூடுபனி கவிந்திருந்தது. எதிர்வரிசைக் குடியிருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் என் அக்காவுக்குக் காலை ஒன்பது மணிக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் செல்வதற்காக, எட்டு மணிக்கே அப்பா வண்டியருகில் சென்றார். அது பத்து ஆண்டுகளாக எங்கள் வீட்டில் உள்ள 100 சிசி மோட்டார் சைக்கிள். காலால் உதைத்துப் புறப்படச் செய்யும் வகை.

அப்பா உதைத்தார். எஞ்சின் சுழன்றது, ஆனால் ஓடத் தொடங்கவில்லை. சோக்கை இழுத்துவிட்டு மீண்டும் உதைத்தார். பத்து முறை, இருபது முறை உதைத்தும் பயனில்லை. அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வியர்த்தது. பெட்ரோல் வாடை மட்டும் எங்கும் பரவியது.

"குளிர்தான் காரணம்" என்றார் அம்மா. "பேட்டரி தீர்ந்திருக்கும்" என்றார் மாடிவீட்டுக்காரர். "பெட்ரோலில் நீர் கலந்திருக்கும்" என்றார் காவலாளி. ஆளுக்கொரு காரணம் கூறினர். நான் மட்டும் ஒன்றும் கூறவில்லை.

அக்கா தேர்வுக் குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றாள். கைப்பேசியில் ஆட்டோவை அழைத்துப் பார்த்தோம். மூடுபனியில் எதுவும் வரவில்லை. "மிஸ்திரியை அழைத்து வா" என்று அப்பா என்னைத் தெருமுனைக்கு அனுப்பினார்.

2

மிஸ்திரி முதியவர். பழுதுபார்க்கும் தொழிலில் முடி நரைத்தவர். வந்தவுடன் அவர் வண்டியில் கை வைக்கவில்லை. முதலில் கேள்விகளைத் தொடுத்தார்.

"கடைசியாக எப்போது ஓடியது?" என்று இந்தியில் கேட்டார்.

"நேற்று மாலை" என்றார் அப்பா.

"தானாக நின்றதா? நீங்கள் நிறுத்தினீர்களா?"

"நான்தான் நிறுத்தினேன். நன்றாகவே ஓடியது."

"அதற்குப் பிறகு வண்டிக்கு என்ன நேர்ந்தது?"

"ஒன்றும் நேரவில்லை. நிறுத்திய இடத்திலேயே நின்றது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மிஸ்திரி என்னை அருகில் அழைத்தார். "பேட்டா, எஞ்சின் ஓட நான்கு வேண்டும். காற்று, பெட்ரோல், அமுக்கம், தீப்பொறி. காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே செல்லும். பிஸ்டன் அக்கலவையை அமுக்கும். தக்க நொடியில் பிளக் பொறி தரும். நான்கில் ஒன்று குறைந்தாலும் வண்டி புறப்படாது. எது குறைகிறது என்று பார்ப்போம். எளியதை முதலில் பார், கடினமானதைக் கடைசியில் பார்" என்றார்.

சாவி சரியாகத் திரும்பியிருந்தது. கைப்பிடியருகில் உள்ள நிறுத்துவிசை அணைந்திருக்கவில்லை. பெட்ரோல் குழாயின் திருகி திறந்திருந்தது. தொட்டியில் பாதியளவு பெட்ரோல் இருந்தது. ஒலிப்பானை அழுத்தினார், ஓசை உரக்க எழுந்தது. "பேட்டரி நன்றாக உள்ளது. இந்த வண்டியில் பொறிக்கு வேண்டிய மின்சாரம் எஞ்சினின் சுழற்சியிலிருந்தே கிடைக்கிறது, ஆகவே பேட்டரியின்மேல் பழி சொல்ல இடமில்லை" என்றார்.

பின்னர் உதைமிதியைக் காலால் மெல்ல அழுத்தினார். ஓரிடத்தில் அது எதிர்த்து நின்றது. "அமுக்கம் இருக்கிறது." காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்தார்; அதில் அடைப்பு இல்லை. "காற்றும் வருகிறது."

அடுத்துப் பிளக்கைக் கழற்றினார். அதன் முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. "பார், பேட்டா. பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பற்றவில்லை என்று பொருள். எனவே, நாம் தேட வேண்டியது பொறியை" என்றார். பிளக்கைத் துடைத்து அதன் மூடியில் பொருத்தினார். பிளக் துளையிலிருந்து விலக்கி, எஞ்சினின் உலோகப் பகுதியில் படுமாறு பிடித்து, அப்பாவை உதைக்கச் சொன்னார். பொறி எழவில்லை. தம் பையிலிருந்த புதிய பிளக்கை வைத்துப் பார்த்தார். அப்போதும் பொறி எழவில்லை.

"குறை பிளக்கில் இல்லை. அதற்கு முன்னால் மூடி உள்ளது, கம்பி உள்ளது, காயில் உள்ளது. காயில் என்றால் சந்தைக்குச் சென்று வாங்கி வர வேண்டும். கடை திறக்கப் பத்து மணி ஆகும்."

அக்காவின் கண்கள் கலங்கின. மணி எட்டரை.

மிஸ்திரி சற்று நேரம் வண்டியையே நோக்கினார். பிறகு எங்கள் அனைவரையும் பார்த்து, "நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் இடையில் இந்த வண்டியை யாரேனும் தொட்டீர்களா?" என்று மீண்டும் கேட்டார்.

3

இம்முறை என்னால் பேசாமல் இருக்க இயலவில்லை. "நான் தொட்டேன். நேற்று மாலை கழுவினேன்" என்றேன்.

போகிக்காக வீட்டைத் துப்புரவு செய்தபோது, எனக்கு இடப்பட்ட வேலை சன்னல்களைத் துடைப்பது. அது முடிந்தபின், அப்பா மகிழ்வார் என்று எண்ணி வண்டியையும் கழுவினேன். சேறு எளிதில் போகவில்லை. ஆகவே, நீர்க்குழாயின் வாயை விரலால் அழுத்தி எஞ்சினின்மேல் பாய்ச்சினேன். காலையில் வண்டி புறப்படாதபோதே எனக்கு ஐயம் எழுந்தது. ஏச்சுக்கு அஞ்சி வாய் திறக்கவில்லை.

மிஸ்திரி பிளக் மூடியைக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளங்கையில் நீர்த்துளிகள் விழுந்தன. இரவுக் குளிரில் அந்த ஈரம் உலரவே இல்லை. பொறியாக வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியே வெளியே கசிந்து போயிருந்தது. அவர் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தார், கம்பியையும் துடைத்தார். மீண்டும் சோதித்தார். பிளக்கின் முனையில் நீலப்பொறி பளிச்சிட்டது.

உடனே சாவியை அணைத்தார். பெட்ரோல் திருகியை மூடினார். விசைப்பிடியை முழுவதும் திருகியபடி சில முறை உதைத்து, உள்ளே மிகுந்திருந்த பெட்ரோலை வெளியேற்றினார். பிளக்கையும் மூடியையும் பொருத்தித் திருகியைத் திறந்து, சாவியைத் திருப்பினார். இரண்டாம் உதையில் வண்டி உறுமியது. அப்போது மணி எட்டு நாற்பது. அக்கா பின்னால் ஏறி அமர்ந்தாள். மூடுபனிக்குள் வண்டியின் சிவப்பு விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கழுவியது தவறன்று. மின்பகுதிகளின்மேல் நீரைப் பாய்ச்சாதே. கழுவி முடித்தபின் நன்றாகத் துடைத்து, சிறிது நேரம் எஞ்சினை ஓடவிடச் சொல்" என்று கூறிவிட்டு மிஸ்திரி கடைக்குத் திரும்பினார்.

4

மாலையில் அக்கா மகிழ்ச்சியுடன் வந்தாள். அப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "காலையிலேயே சொல்லியிருந்தால் என் கால் இப்படி வலித்திருக்காது" என்று சிரித்தார். பிறகு திருக்குறளை எடுத்து 'மருந்து' என்னும் அதிகாரத்தைக் காட்டினார்.

நோய் இன்னது என்று ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறார் வள்ளுவர். காலையில் மிஸ்திரி செய்தது அதுவே. அதே அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தின் பகுதிகள் நான்கு என்கிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து துணைசெய்பவர்.

"மருத்துவர் எத்துணைத் திறமை உடையவராயினும், அருகிலிருப்பவர் அறிந்ததை மறைத்தால் என்ன செய்வார்?" என்று அப்பா கேட்டார். நான் விடை கூறவில்லை. ஆனால் விடை எனக்குத் தெரிந்திருந்தது.

அறிந்துகொள்வோம்

அறிகுறியும் காரணமும்

• பொத்தானை அழுத்தியும் ஓசையே இல்லை – நிறுத்துவிசை அணைந்திருக்கலாம். பேட்டரி இணைப்பு விட்டிருக்கலாம்.
• 'டிக் டிக்' ஓசை மட்டும் வருகிறது. முகப்பு விளக்கு மங்குகிறது – பேட்டரி வலுவிழந்திருக்கலாம்.
• எஞ்சின் சுழல்கிறது. பிளக் உலர்ந்துள்ளது – பெட்ரோல் வரும் வழியில் தடை இருக்கலாம்.
• எஞ்சின் சுழல்கிறது. பிளக் நனைந்துள்ளது – பொறி இல்லாதிருக்கலாம். அல்லது பெட்ரோல் மிகுந்திருக்கலாம்.
• உதைமிதி எதிர்ப்பின்றி இறங்குகிறது – அமுக்கம் குறைந்திருக்கலாம்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் மாசுக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டருக்கு மாற்றாக, மின்சாரத்தால் இயங்கும் பெட்ரோல் செலுத்தும் அமைப்பு உள்ளது. அவற்றில் பேட்டரி வலுவிழந்தால் பெட்ரோலும் எஞ்சினுக்குச் செல்லாமல் போகலாம்.

எச்சரிக்கை: பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும். பொறியைச் சோதிப்பது பயின்றவர் செய்ய வேண்டிய வேலை. மாணவர்கள் தாமே செய்தல் கூடாது.

சொற்பொருள்

கவிதல் – மூடிப் பரவுதல்
ஐயம் – சந்தேகம்
ஏச்சு – திட்டு
கடிந்துகொள்ளுதல் – கண்டித்தல்
எத்துணை – எவ்வளவு
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

மொழியை அறிவோம்

'பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது என்று பொருள்.' இத்தொடரில் 'நனைந்திருந்தால்' என்பது நிபந்தனையை உணர்த்துகிறது. வினைச்சொல்லுடன் 'ஆல்' சேர்ந்து இப்பொருளைத் தருகிறது.

எடுத்துக்காட்டு: வந்தான் – வந்தால்; படித்தாள் – படித்தால்.

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. எஞ்சின் ஓடுவதற்கு வேண்டிய நான்கு யாவை?
2. பேட்டரியில் குறை இல்லை என்று மிஸ்திரி எவ்வாறு அறிந்தார்?
3. பிளக் மூடிக்குள் நீர் எவ்வாறு புகுந்தது?

ஆ. 'ஆல்' சேர்த்து ஒரே தொடராக்குக.
1. மழை பெய்யும். சாலை நனையும்.
2. உண்மையைக் கூறினான். பழுது விரைவில் தெரிந்தது.

இ. சிந்தித்து எழுதுக.
1. ஒரே கேள்வியை மிஸ்திரி இரண்டாம் முறையும் கேட்டது ஏன்?
2. சிறுவன் முதலிலேயே உண்மையைக் கூறியிருந்தால் எந்தெந்தச் சோதனைகள் தேவைப்பட்டிருக்கா?

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டில் மின்விசிறியோ மிதிவண்டியோ பழுதானால் எவற்றை எந்த வரிசையில் பார்ப்பீர்கள்? பெற்றோருடன் தமிழில் உரையாடி, ஐந்து படிகளாக எழுதி வருக.