கள்ளப் பிரதியைத் தடுக்க எந்தப் பதிவுமுறை?

மென்பொருள் எழுதி விற்பவர்கள், பூட்டு கடுமையாக இருந்தால் போதும் என்று நம்பிவிடக் கூடாது. 2010இல் யூபிசாஃப்ட் நிறுவனம் ‘அசாசின்ஸ் கிரீட் 2’ கணினி விளையாட்டை, இணைய இணைப்பு எந்நேரமும் இருந்தால்தான் ஓடும்படி வெளியிட்டது. அதன் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களே விளையாட முடியாமல் தவித்தார்கள். அதற்காக வெறும் வரிசை எண்ணோடு நின்றுவிடவும் முடியாது. எண்ணைச் சரிபார்க்கும் கணக்கு நிரலுக்குள்ளேயே இருந்தால், அதைப் பிரித்துப் படிப்பவர் புது எண்களைத் தானே உருவாக்கிவிடுவார்.

எனவே நடுவழியே நல்லது. வாங்கியவரின் பெயர் அடங்கிய உரிமக் கோப்பை டிஜிட்டல் கையொப்பமிட்டுக் கொடுங்கள். கையொப்பமிடும் ரகசியச் சாவி உங்களிடமே இருக்கட்டும். நிரலுக்குள் பொதுச் சாவி மட்டும் போதும். அதைக் கொண்டு உரிமத்தைச் சரிபார்க்கலாம், போலியாகத் தயாரிக்க முடியாது. நிறுவும்போது ஒருமுறை மட்டும் இணையத்தில் பதியச் செய்து, இரண்டு மூன்று கணினிகளுக்கு அனுமதியுங்கள். கணினியை மாற்றுவோர் பழைய பதிவைத் தாங்களே நீக்கிக்கொள்ளவும் வழிசெய்யுங்கள்.

“நிரலையே திருத்திச் சோதனையை நீக்கிவிடுவார்களே?” என்று கேட்கலாம். உண்மைதான், எந்த முறையும் அதை முழுதாகத் தடுக்காது. ஆனால் அந்த வித்தை தெரிந்தவர்கள் சிலரே. யோசிக்காமல் நண்பருக்கு நகல் கொடுப்பவர்கள் பலர். தன் பெயர் திரையில் தெரியும் உரிமத்தைப் பகிர அவர்கள் தயங்குவார்கள். வெளியே கசிந்த உரிமங்களை அடுத்த பதிப்பில் செல்லாததாக்கலாம். பூட்டை மேலும் இறுக்கும் உழைப்பைப் புதுப்பிப்புகளுக்கும் வாடிக்கையாளர் உதவிக்கும் கொடுங்கள். கள்ளப் பிரதியால் தர முடியாதவை அவைதான்.