எட்டுப் பந்துகளும் ஆயிரம் கதிர்களும்

கண்முன்னே ஒரே நேரத்தில் நகரும் பல பொருள்களில் சிலவற்றை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டு, அவை மற்றவற்றோடு கலந்தாலும் ஒன்றையொன்று மறைத்தாலும் அடையாளம் தவறாமல் தொடர்ந்து செல்லும் திறனை உளவியலார் பல்பொருள் பின்தொடர்தல் என்பர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ரத வீதிகளைச் சுற்றி வரும் நாளில், தன் நான்கு குழந்தைகளையும் கூட்டத்தில் தவறவிடாமல் பார்வையாலேயே கட்டிவைத்திருக்கும் தாய் செய்வது இதுவே. பதினைந்து கிலோமீட்டருக்குள் உள்ள இராஜபாளையத்தின் நூற்பாலைகளில், வரிசையாகச் சுழலும் கதிர்களுக்கிடையே நடந்து அறுந்த இழையைத் தேடும் சைடர் செய்வதும் மேலோட்டமாகப் பார்த்தால் இதைப் போன்றே தோன்றும். ஆயினும் அது வேறு வேலை, அதற்கு வேண்டிய கவனமும் வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் தொடங்கப்படும் கவனப் பயிற்சிகள் பெரும்பாலும் காலத்தையும் பணத்தையும் வீணாக்கிவிடுகின்றன.

பின்தொடர்தலை ஆய்வகத்தில் அளக்கும் முறையைக் கனடாவில் செனான் பிலிஷினும் ரான் ஸ்டார்மும் 1988இல் வெளியிட்டனர். திரையில் ஒரே மாதிரியான பத்துக் கூட்டல் குறிகள் தோன்றும். அவற்றுள் ஒன்று முதல் ஐந்து வரை மினுக்கிக் காட்டப்பட்டபின் எல்லாம் ஒன்றுபோலாகி, முன்னறிய முடியாத வழிகளில் அலையத் தொடங்கும். நிறமோ உருவமோ துணைக்கு வராத அந்நிலையிலும் ஐந்து குறிகளைப் பெரும்பாலோர் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகத் தொடர்ந்தனர். பொருள் இன்னதென்று அறிவதற்கு முன்பே, அது எங்கே இருக்கிறது என்பதன்மேல் மனம் சில விரல்களை வைத்துக்கொள்கிறது என்றும், அவ்விரல்கள் எண்ணிக்கையில் குறைவு என்றும் பிலிஷின் விளக்கினார். அந்த எண்ணிக்கை நான்கோ ஐந்தோ என்று நிலையானதாகப் பல ஆண்டுகள் கருதப்பட்டது. ஆல்வரெஸும் ஃபிராங்கோனெரியும் 2007இல் வெளியிட்ட ஆய்வோ, பொருள்கள் மிக மெதுவாக நகர்ந்தால் எட்டு வரையும், மிக விரைந்தால் ஒன்றிரண்டு மட்டுமே தொடர முடியும் என்று காட்டியது. ஒருவருக்கு இத்தனை கவனம் என்று ஒற்றை எண்ணில் சொல்வது இதனால் பொருளற்றுப் போகிறது. எந்த வேகத்தில், எவ்வளவு நெருக்கத்தில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனையைப் பயிற்சிக் கருவியாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் மாண்ட்ரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோஸ்லின் ஃபோபேர். அவர் உருவாக்கிய நியூரோட்ராக்கர் என்னும் கருவியில், முப்பரிமாணக் கண்ணாடி அணிந்தவர்முன் எட்டு மஞ்சள் பந்துகள் மிதக்கின்றன; அவற்றுள் நான்கு சிறிது நேரம் வேறு நிறத்தில் காட்டப்பட்டு, மீண்டும் மஞ்சளாகி, எட்டு வினாடிகள் மற்றவற்றோடு மோதியும் விலகியும் ஓடுகின்றன; நின்றதும் அந்த நான்கையும் சொல்ல வேண்டும். நான்கும் சரியானால் அடுத்த முறை வேகம் கூடும், ஒன்று தவறினாலும் குறையும். இவ்வாறு படி ஏறி இறங்கி, சரிக்கும் தவறுக்கும் இடையே நிலைகொள்ளும் வேகமே அவருடைய எல்லை வேகம் எனப்படுகிறது. 2013இல் ஃபோபேர் வெளியிட்ட ஆய்வில் 308 பேர் பதினைந்து அமர்வுகளில் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் 102 பேர் இங்கிலாந்துக் கால்பந்து, வட அமெரிக்கப் பனி ஹாக்கி, பிரெஞ்சு ரக்பி ஆகியவற்றின் தொழில்முறை ஆட்டக்காரர்கள், 173 பேர் உயர்நிலை அமெச்சூர் வீரர்கள், 33 பேர் விளையாட்டுப் பின்னணி இல்லாத மாணவர்கள். தொழில்முறை வீரர்கள் உயர்ந்த வேகத்தில் தொடங்கியதோடு, மற்றவர்களைவிட விரைவாகக் கற்றும் கொண்டனர். ஆய்வாளரே அக்கருவியை விற்கும் நிறுவனத்தில் பங்குடையவர் என்பது அக்கட்டுரையிலேயே சொல்லப்பட்டுள்ளது. படிப்பவர் அதையும் நினைவில் வைத்தே முடிவுகளை எடைபோட வேண்டும்.

சோதனைக்கு அமர்வோர் முதல் நாளில் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே: குறிப்பிட்ட பந்து ஒவ்வொன்றையும் கண்ணால் துரத்துவது. ஒன்றின்மேல் பார்வை தாவும் அதே கணத்தில் மற்ற மூன்றும் நழுவிவிடுகின்றன. நன்றாகத் தொடர்பவர்களின் பார்வை பெரும்பாலும் பந்துகளின் நடுவிலுள்ள வெற்றிடத்தில் தங்குகிறது என்பதைக் கண்ணசைவு ஆய்வுகள் காட்டியுள்ளன. நான்கு பந்துகளும் சேர்ந்து ஒரு நாற்கரமாகி, அந்த நாற்கரமே விரிந்தும் சுருங்கியும் செல்வதாகக் கொண்டால் தொடர்வது எளிதாகிறது. மூளையின் இரு பாதிகளும் பார்வைப் புலத்தின் இரு பக்கங்களையும் ஓரளவு தனித்தனியே கவனிக்கின்றன என்பதும் அறியத்தக்கது. ஆல்வரெஸும் கவனாவும் 2005இல் காட்டியபடி, இடப்பக்கம் இரண்டும் வலப்பக்கம் இரண்டுமாக இருக்கும் பொருள்களைத் தொடர்வது, நான்கும் ஒரே பக்கத்தில் நெருங்கியிருப்பதைவிட மிக எளிது. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்து ஓட்டுபவருக்கு, சாலையின் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு இருசக்கர வாகனங்கள் வருவதைவிட ஒரே ஓரத்தில் நான்கு நெருங்கி வருவது ஏன் அதிகச் சோர்வு தருகிறது என்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கக்கூடும்.

மதிப்பெண்ணைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. எட்டில் நான்கைக் குருட்டாம்போக்கில் சுட்டினாலும் சராசரியாக இரண்டு சரியாகவே அமையும். ஆகவே பாதி சரி என்பது ஒன்றுமே தொடரவில்லை என்பதற்குச் சமம். நான்கும் தற்செயலாகச் சரியாக அமைவதோ எழுபதில் ஒரு முறைதான் நேரும் என்பதால், நான்கும் சரியானதா என்று மட்டும் எண்ணுவதே நம்பத்தக்கது. முதல் மூன்று, நான்கு அமர்வுகளில் மதிப்பெண் வேகமாக ஏறுவதைக் கண்டு மனத்திறன் வளர்ந்துவிட்டதாக மகிழ்வது தவறு. அங்கே வளர்வது பெரும்பாலும் கருவியோடு கொண்ட பழக்கம். தூக்கம் குறைந்த மறுநாள் காலையிலும், முழு நைட் ஷிப்ட் முடித்து வந்த உடனேயும், பகலுணவுக்குப் பின்னும் எடுத்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது; ஒரே நேரம், ஒரே திரை, ஒரே தொலைவு என்று வைத்துக்கொண்டால்தான் மாற்றம் எதுவென்று தெரியும்.

விலையுயர்ந்த கருவி இல்லாத பள்ளியிலும் இதன் சாரத்தை நடத்திப் பார்க்க முடியும். சீருடை அணிந்த எட்டு மாணவர்கள் மைதானத்தில் சுண்ணாம்பால் வரைந்த சதுரத்துக்குள் நிற்க, நால்வர் கையுயர்த்திக் காட்டிவிட்டு இறக்கிக்கொள்ள, எல்லோரும் பத்து வினாடிகள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, விசில் ஒலித்ததும் முதுகு காட்டி நிற்க வேண்டும். வெளியே நிற்பவர் நால்வரையும் சுட்ட வேண்டும். நடை, விரைநடை, மெல்லோட்டம் என்பன வேகப் படிகளாகின்றன. முகமும் உயரமும் உதவி செய்துவிடாதபடி, முகம் மறையும் வண்ணம் துணி கட்டியோ, ஏறத்தாழ ஒரே உயரமுள்ளவர்களைத் தேர்ந்தோ நடத்துவது முறை. சதுரத்தின் நடுவே ஒரு வேப்பமரம் இருந்தால் இன்னும் நல்லது. பிரையன் ஷோலும் பிலிஷினும் 1999இல் கண்டறிந்தபடி, ஒரு பொருள் மறைப்பின் விளிம்பில் சிறிது சிறிதாக மறைந்து மறுபுறம் அவ்வாறே வெளிப்பட்டால் மனம் அதைக் கைவிடுவதில்லை. மறைப்பு ஏதுமின்றிச் சட்டென இல்லாமற்போய் மீண்டும் தோன்றினால் கைவிட்டுவிடுகிறது. தூணுக்குப் பின்னால் போன குழந்தை வெளிவரும் வரை தாயின் மனம் பதறாமல் காத்திருப்பதும், கணப்பொழுதில் கூட்டம் விழுங்கிவிட்ட குழந்தைக்காகப் பதறுவதும் இந்த வேறுபாட்டை ஒட்டியே நிகழ்கின்றன எனலாம்.

இனி நூற்பாலைக்கு வரலாம். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் முதலாகப் பல ஆலைகள் எழுந்த அவ்வூரில், ரிங் பிரேம் எனப்படும் நூற்பு இயந்திரம் ஒன்றிலேயே இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் இருப்பது வழக்கம். அவை நிமிடத்துக்குப் பதினையாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழன்றாலும் இடம்விட்டு இடம் நகர்வதில்லை, நகர்பவர் சைடரே. அவர் எந்தக் கதிரையும் மனத்தில் குறித்துக்கொண்டு தொடர வேண்டியதில்லை. எங்கே, எப்போது என்று தெரியாமல் நேரும் ஒரு சிறு மாற்றத்தை, அதாவது இழையின் சுழல்வீச்சு நின்றுபோன ஒரு கதிரையோ, உருளையில் சுற்றிக்கொண்ட பஞ்சையோ எட்டு மணி நேரமும் கண்டுகொண்டிருக்க வேண்டும். இதற்கு விழிப்புநிலைக் கவனம் என்று பெயர். இதை முறையாக அளந்தவர் பிரிட்டனின் நார்மன் மாக்வொர்த். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்திருந்தவர்கள் எதிரியின் அடையாளங்களைத் தவறவிட்டது ஏன் என்று அறிய, நொடிக்கொரு முறை நகரும் முள் அரிதாக இருமடங்கு தாவும் ஒரு கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பார்க்கச் செய்து, 1948இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் அரை மணி நேரத்துக்குள்ளாகவே தாவல்களைக் கண்டறியும் அளவு குறைந்தது. அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றி அமைத்தபோது அந்தச் சரிவு தடைபட்டது.

ஆகவே சைடர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எட்டுப் பந்துச் சோதனையை வைப்பதால் அறியத்தக்கது மிகக் குறைவு. அங்கே உதவக்கூடியவை, சுற்றிவரும் பாதையை ஒழுங்குபடுத்துவது, சுற்று ஒன்றின் தொடக்கத்தில் எதை முதலில் பார்ப்பது என்று பழக்குவது, வேலையை இடையிடையே மாற்றித் தருவது ஆகியவையே. ஒவ்வொரு கதிருக்கும் உணர்வியைப் பொருத்தி, இழை அறுந்த இடத்தில் விளக்கு எரியச் செய்யும் அமைப்புகள் இன்று வந்துவிட்டன. மனிதக் கவனத்தின் மேல் ஏற்றியிருந்த சுமையின் ஒரு பகுதியை இயந்திரத்தின் மேல் இறக்கி வைத்த இந்த ஏற்பாடு, எந்தத் திரைப் பயிற்சியையும்விடச் சைடருக்கு நேரடியான நன்மை என்றே கருதத் தோன்றுகிறது.

கவனத்தைப் பிரித்தாளும் திறனைப் பொதுமேடையில் சோதிக்கும் மரபு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. அவதானம் அல்லது கவனகம் எனப்படும் அக்கலையில், முதுகில் விழும் கற்களையோ மணியோசையையோ எண்ணிக்கொண்டே வெண்பாவின் ஈற்றடிக்கு ஏற்பப் பாடல் கட்டவும், கணக்குக்கு விடை கூறவும், கேட்ட வரிசையை நினைவிலிருந்து திருப்பிச் சொல்லவும் வேண்டும். எட்டுச் செயல்களைச் செய்பவர் அட்டாவதானி, நூறு செய்பவர் சதாவதானி. கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். இத்தகையோரிடம் பிறவியிலேயே வேறுவகை மூளை அமைந்திருந்தது என்று எண்ணுவது எளிது. ஆயின் சேஸும் எரிக்சனும் 1980இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைக் காட்டுகிறது: ஏழு எண்களை மட்டுமே ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொல்ல முடிந்த ஒரு கல்லூரி மாணவர், இருபது மாதப் பயிற்சியில் 79 எண்கள் வரை சொன்னார், ஓட்டப் பந்தய வீரரான அவர், எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றிக் கோத்துக்கொண்டார். எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்ததும் அவரது அளவு மீண்டும் ஆறாக இறங்கியது. பயிற்சி அவருக்குத் தந்தது எண்களுக்கான ஒரு கோப்பு முறையையே. பொதுவான நினைவாற்றல் இருந்த இடத்திலேயே இருந்தது.

பின்தொடர் பயிற்சிகளைப் பற்றிய வாதமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஒரு செயலில் பெற்ற தேர்ச்சி வேறொரு செயலுக்குச் செல்வதைப் பயன்பெயர்ச்சி எனலாம். ரோமியாஸும் ஃபோபேரும் உடனாய்வாளரும் 2016இல் 23 கால்பந்து வீரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்றவர்களிடம் பந்தை யாருக்குத் தள்ளுவது என்னும் முடிவெடுப்பு 15 விழுக்காடு மேம்பட்டது. பந்தைக் கடத்திச் செல்வதிலும் கோலை நோக்கி அடிப்பதிலும் மாற்றமில்லை. ஒவ்வொரு குழுவிலும் பத்துப் பேருக்கும் குறைவாகவே இருந்தனர் என்பதால் இதை உறுதியான சான்றாகக் கொள்வதற்கில்லை. வாட்டர், கிரே, ஹோல்கோம் ஆகியோர் 2021இல் நியூரோட்ராக்கர் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, ஆட்டக்களத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் பயன் பெயர்கிறது என்பதற்கான சான்று போதாது என்றனர். மூளைப் பயிற்சிச் செயலியான லுமாசிட்டியின் நிறுவனம், விளம்பரத்தில் கூறியவற்றுக்கு ஆதாரம் இல்லை என்ற குற்றச்சாட்டின் பேரில், 2016இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துடன் உடன்பட்டு 20 லட்சம் டாலர் செலுத்தியது.

இவற்றால் பின்தொடர் சோதனையே பயனற்றது என்று ஆகிவிடாது. லெகோ, அலார்ட், ஃபோபேர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி முதியோர் இளையோரைவிடத் தாழ்ந்த வேகத்தில் தொடங்கினும் ஏறத்தாழ அவர்களைப் போலவே முன்னேறினர். வயதானால் மனம் எதையும் புதிதாகப் பழகாது என்னும் எண்ணத்தால் முடங்கியிருப்போருக்கு இது மதிப்புள்ள செய்தி. ஒருவரின் இன்றைய அளவை அவரது நேற்றைய அளவோடு ஒப்பிட்டுச் சோர்வையோ தூக்கக் குறைவையோ உணரவும் இச்சோதனை துணைபுரியக்கூடும். ஒரு மதிப்பெண்ணைக் கொண்டு நோய் உண்டு, இல்லை என்று முடிவுகட்டுவதும், ஒரு சிறுவனை அணியிலிருந்து நீக்குவதும் மட்டும் கூடவே கூடாது. தலையில் அடிபட்டவருக்கு அளவு திடீரென இறங்கியிருந்தால் அவரை அனுப்ப வேண்டிய இடம் மருத்துவமனை. இன்னொரு பயிற்சி அமர்வு அதற்கு மாற்றாகாது.

கபடியோ கூடைப்பந்தோ கற்பிக்கும் ஆசிரியர், திரையில் செலவிடும் நேரத்தைவிட ஆட்டத்துக்குள்ளேயே பின்தொடர்தலைப் புகுத்துவது பயனுடையது. பாடிச் செல்பவர் திரும்பியவுடன் எதிரணியில் யார் யார் எங்கே நின்றனர் என்று கேட்பது, பந்து கைக்கு வரும் கணத்தில் விசில் ஊதி நிறுத்திக் கண்ணை மூடச் செய்து தோழர்கள் நிற்கும் இடங்களைச் சுட்டச் சொல்வது போன்றவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை. பழகிய இடத்திலேயே திறன் பயன்படுகிறது. கருவி வாங்கியே தீர வேண்டும் என்று பள்ளியோ ஆலையோ முடிவு செய்தால், விற்க வருபவரிடம் திரையில் ஏறும் மதிப்பெண்ணைக் காட்டச் சொல்ல வேண்டாம். பயிற்சி பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்டு, களத்திலோ வேலையிலோ ஏற்பட்ட மாற்றத்தைக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன் குறைந்தது மூன்று நாள்களின் ஆட்டக் குறிப்பையோ வேலைக் குறிப்பையோ ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பின்னர் எதனோடும் ஒப்பிட இயலாது.