சவலைக் குட்டிக்கு முன்பணம் கொடுக்கலாமா?

மாணவர்களே! ஆவடியில் ஒரு வீட்டில் ராஜபாளையம் நாய் ஆறு குட்டிகள் ஈன்றிருப்பதாகக் கேள்விப்பட்டு, அம்பத்தூரிலிருந்து அப்பாவுடன் நீங்கள் பார்க்கப் போவதாக வைத்துக் கொள்வோம். குட்டிகள் பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது. ஐந்து குட்டிகள் கொழுகொழுவென்று இருக்கின்றன. தாயின் மடியில் முட்டி மோதிப் பால் குடிக்கின்றன. ஆறாவது குட்டி மட்டும் உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருக்கிறது.

"மத்ததுக்கெல்லாம் ஆள் வந்தாச்சு சார். இது ஒண்ணுதான் பாக்கி. இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்தீங்கன்னா விலையிலே குறைச்சுக்கலாம்" என்கிறார் விற்பவர்.

அப்பா உங்கள் முகத்தைப் பார்க்கிறார். "ஐயோ பாவம், இதையே எடுத்துக்கலாம்பா" என்கிறது மனம். "சவலை தேறாது" என்று பாட்டி சொன்னதும் நினைவுக்கு வருகிறது. இரண்டில் எது சரி? இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பள்ளியில் படித்த கணக்கையும் உயிரியலையும் துணைக்கு அழைப்போம்.

சிறியது சீக்கிரம் ஆறும்

அடுப்பிலிருந்து இறக்கிய இட்லி சில நிமிடங்களில் ஆறிவிடுகிறது. பானைச் சோறு வெகுநேரம் சூடாக இருக்கிறது. காரணம் என்ன?

2 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 24 சதுர செ.மீ.; கன அளவு 8 கன செ.மீ. ஒரு கன செ.மீ.க்கு 3 சதுர செ.மீ. மேற்பரப்பு வருகிறது. பக்கத்தை 4 செ.மீ. ஆக்கினால் மேற்பரப்பு 96; கன அளவு 64. இப்போது ஒரு கன செ.மீ.க்கு 1.5 சதுர செ.மீ. மட்டுமே. பொருள் சிறிதாகச் சிறிதாக, அதன் பருமனுக்கு மேற்பரப்பு அதிகமாகிறது. வெப்பம் வெளியேறுவது மேற்பரப்பு வழியாகத்தான். ஆகவே சிறிய உடல் விரைவில் குளிர்கிறது.

ஜெர்மானிய உடலியல் அறிஞர் மாக்ஸ் ரூப்னர் 1883-ஆம் ஆண்டில் இதை நாய்களைக் கொண்டே ஆராய்ந்து வெளியிட்டார். அவர் ஒப்பிட்டவற்றுள் மிகச் சிறிய நாய் ஏறத்தாழ 3 கிலோ. பெரியது ஏறத்தாழ 31 கிலோ. ஒரு கிலோ எடைக்கு என்று கணக்கிட்டபோது, சிறிய நாய் பெரியதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான வெப்பத்தை உண்டாக்கியது. உடலின் மேற்பரப்பைக் கொண்டு கணக்கிட்டபோதோ, வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது.

நம் குட்டிகளுக்கு வருவோம். உடன்பிறந்தவை 400 கிராம், சவலைக் குட்டி 200 கிராம் என்று கொள்வோம். ஒரே வடிவமுள்ள உடல்களில் எடை பாதியானால், ஒரு கிராமுக்குரிய மேற்பரப்பு இரண்டின் கனமூல மடங்கு, அதாவது 1.26 மடங்கு ஆகிறது. எனவே சவலைக் குட்டிக்கு ஒவ்வொரு கிராமுக்கும் வெப்பம் வெளியேறும் பரப்பு 26 சதவீதம் அதிகம். அந்த நட்டத்தை ஈடுகட்ட அதற்கு அதிகப் பால் வேண்டும். ஆனால் மடியில் முட்டி இடம் பிடிக்க வலுவில்லாததும் அதுதான்!

நடுங்கத் தெரியாத குட்டி

நமக்குக் குளிர்ந்தால் உடல் நடுங்குகிறது. தசைகள் அதிர்வதால் வெப்பம் பிறக்கிறது. பிறந்த நாய்க்குட்டிக்கு முதல் வாரத்தில் இப்படி நடுங்கத் தெரியாது. தன் உடல் வெப்பத்தைத் தானே நிலைநிறுத்தும் ஆற்றல் அதற்குப் பல வாரங்களில்தான் வருகிறது. அதுவரை தாயின் வயிறும் உடன்பிறந்தவையும்தான் அதற்குப் போர்வை. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து உறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே தெரியும் மேற்பரப்பைக் குறைக்கும் வழி அது.

முதல் வாரத்தில் குட்டிகள் படுக்கும் இடம் ஏறத்தாழ 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மார்கழி இரவுகளில் நம் பகுதியில் வெப்பநிலை 20 டிகிரி அளவுக்கு இறங்குவதுண்டு. தரையும் ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

குளிர்ந்த குட்டிக்கு மூன்று கேடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. உடல் குளிர்ந்தால் பால் உறிஞ்சும் வலு குறைகிறது; குடலின் இயக்கமும் தளர்கிறது. பால் இறங்காததால் இரத்தத்தில் சர்க்கரை குறைகிறது. உடலில் நீரும் வற்றுகிறது. அதனால் குட்டி மேலும் குளிர்கிறது. ஆகவேதான், குளிர்ந்துபோன குட்டிக்கு முதலில் கதகதப்பு, பிறகே பால் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். இரக்கப்பட்டுப் பசும்பால் ஊற்றுவதும் தவறு. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப்போல் இரு மடங்குக்குமேல் உள்ளன.

இன்னொன்றும் உண்டு. நோய் எதிர்ப்புப் பொருள்களில் மிகச் சிறு பகுதியே நஞ்சுக்கொடி வழியாக நாய்க்குட்டிக்குக் கிடைக்கிறது. பெரும்பகுதி சீம்பாலிலிருந்து வருகிறது. அவற்றைச் சிதைக்காமல் இரத்தத்துக்குள் விடும் வாசல் குட்டியின் குடலில் பிறந்த முதல் நாள் வரைதான் திறந்திருக்கும். அந்த நாளில் மடியிலிருந்து ஒதுக்கப்பட்ட குட்டி, பின்னால் எவ்வளவு பால் குடித்தாலும் அந்த நட்டம் ஈடாகாது.

ஏன் சிறிதாகப் பிறந்தது?

"கடைசியாகப் பிறந்தது, அதனால் சிறிது" என்பார்கள். இது சரியன்று. நாயின் கருப்பைக்கு இரண்டு கொம்புகள் உண்டு. குட்டிகள் அவற்றில் வரிசையாக வளர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நஞ்சுக்கொடி. எந்தக் குட்டியின் நஞ்சுக்கொடிக்கு இரத்த ஓட்டம் குறைந்ததோ அது சிறிதாகப் பிறக்கலாம். பிறக்கும் வரிசைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இத்தகைய குட்டியின் உறுப்புகளில் குறையேதும் இல்லாமல் இருக்கலாம். போதிய பால் கிடைத்தால் அது மற்றவற்றை எட்டிப் பிடிக்கக்கூடும். ஆனால் அண்ணப்பிளவு, இதயக் குறை போன்ற பிறவிக் குறைகளாலும் ஒரு குட்டி மெலிந்திருக்கலாம். குடித்த பால் மூக்கு வழியே வந்தால் அண்ணப்பிளவு இருக்கிறதோ என்று ஐயுற வேண்டும். கண்ணால் பார்த்து மட்டும் இவ்விருவகைக் குட்டிகளையும் பிரித்தறிய முடியாது. பிறகு எதைக் கொண்டு அறிவது?

தராசு சொல்லும் கதை

அதற்குச் சமையலறையில் பயன்படும் மின்னணுத் தராசு போதும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எழுத வேண்டும். முதல் நாளில் எடை சிறிது குறையலாம். அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதன்பின் நாள்தோறும் ஏற வேண்டும். ஏறத்தாழ பத்து நாளில், சற்று முன்பின்னாக, பிறந்தபோது இருந்த எடை இரட்டிக்க வேண்டும்.

கணக்குக்காக மூன்று குட்டிகளைப் பார்ப்போம். பிறந்த அன்றும் அடுத்த மூன்று நாள்களும் அவற்றின் எடை, கிராமில்:

முதல் குட்டி: 200, 190, 200, 214
இரண்டாம் குட்டி: 200, 184, 178, 172
மூன்றாம் குட்டி: 400, 380, 362, 350

முதல் குட்டி 5 சதவீதம் இழந்து, மீண்டு, பிறந்த எடையையும் தாண்டிவிட்டது. இரண்டாவது 14 சதவீதம் இழந்து இன்னும் இறங்குகிறது. மூன்றாவதைப் பாருங்கள். கூடையில் அதுதான் பெரியது, கொழுகொழுவென்றும் தெரியும். ஆனால் 12.5 சதவீதம் இழந்துவிட்டது! மருத்துவர் முதலில் கவலைப்படுவது இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்த்துத்தான். எடையைவிட, அந்த எடை எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம்.

எனவே விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையன்று. "பிறந்ததிலிருந்து எடை எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்பதுதான்.

மூன்றாம் நாளில் தெரியாதவை

மூன்றாம் நாளில் குட்டியின் கண் திறந்திருக்காது. அது திறக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். காதுத் துளையும் மூடியிருக்கும். ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குப் பின்னரே திறக்கும். ராஜபாளையம் வாங்குவோர் இதை முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டும். 2005-இல் அஞ்சல் தலையிலும் இடம்பெற்ற நம் நாட்டு இனம் அது. அதன் வெள்ளை நிறமே அதற்குப் புகழ். ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்செவியிலும் வேலை செய்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேள்வி உணர்வுச் செல்கள் அழிந்துவிடும். வெள்ளை நிற நாய்கள் சிலவற்றில் பிறவிச் செவிடு காணப்படுவது இதனால்தான். பிறந்து ஐந்து வாரமாவது ஆன பிறகே இதை உறுதியாகச் சோதிக்க இயலும்.

குணமும் அப்போது தெரியாது. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் பல ஆண்டுகள் நாய்களை ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர் 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரையே குட்டி பிற நாய்களோடும் மனிதரோடும் பழகக் கற்கும் முக்கிய பருவம் என்று அவர்கள் கண்டனர். அதில் முற்பகுதியைத் தாயுடனும் உடன்பிறந்தவற்றுடனும் கழிப்பது அவசியம். சட்டமும் இதற்கு இசைவாகவே உள்ளது. 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

அப்பாவிடம் என்ன சொல்வது?

"இன்று முன்பணம் வேண்டாம்பா. மூன்று வாரம் கழித்து எடைக் கணக்கைப் பார்ப்போம். எட்டு வாரத்தில் மருத்துவரிடம் காட்டிய பிறகு முடிவு செய்வோம்" என்று சொல்லுங்கள். அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ மின்சார ரயிலில் சென்ட்ரல் போனால், வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில்தான்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பணம் கொடுத்துவிட்டால் மனம் தராசைப் பார்க்காது. கொடுத்த பணத்தையே பார்க்கும். விற்பவருக்கும் குட்டியை விரைவில் கைமாற்றிவிடத் தோன்றும். சவலைக் குட்டிக்கு இன்று தேவை புது வீடன்று. தாயின் மடியும், கதகதப்பும், இரவிலும் எழுந்து அதை மடியில் சேர்க்கும் ஒரு கையும்தான். உங்களுக்கு இரக்கம் மிகுந்தால், அதை விற்பவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

எட்டு வாரத்துக்குப் பின் அந்தக் குட்டி சீராக எடை ஏறி, துள்ளி விளையாடி, ஓசை கேட்டுத் திரும்பி, மருத்துவரின் சோதனையிலும் தேறினால், சிறிதாகப் பிறந்தது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை. தேறாமல் போனால் வருத்தமாகத்தான் இருக்கும். அந்த இடரை அறிந்தே காத்திருந்தோம் என்ற தெளிவாவது மிஞ்சும்.

செய்து பாருங்கள்

1. மேலே கண்ட மூன்று குட்டிகளின் எடையை வரைபடத்தாளில் குறியுங்கள். கிடை அச்சில் நாள். நிலை அச்சில் பிறந்த எடையின் சதவீதம். எந்தக் கோடு மேல்நோக்கிப் போகிறது?

2. ஒரு பெரிய டம்ளரிலும் ஒரு சிறிய டம்ளரிலும் ஒரே சூடுள்ள வெந்நீரை நிரப்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து எழுதுங்கள். பிறகு நான்கு சிறிய டம்ளர்களை ஒட்டி வைத்து, துணியால் சுற்றி மீண்டும் அளந்து பாருங்கள். குட்டிகள் ஏன் குவிந்து உறங்குகின்றன என்பது விளங்கும்.