ஆற்றின்மேல் ஒரு மாளிகை

முப்பத்தைந்து வருடம் ரயில்வே பாலங்களோடு காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்றபின் மகளைப் பார்க்கப் பாரிஸ் சென்றிருந்தோம். அங்கிருந்து தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் உள்ள ஷெனோன்சோ மாளிகைக்கு அவள் அழைத்துப் போனாள். எல்லோரும் உள்ளே ஓவியங்களைப் பார்க்க, நான் கரையில் நின்று தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இங்கே வந்தும் பாலம்தானா?" என்றாள் என் மனைவி.

உண்மையில் அது பாலம்தான். ஷேர் நதியில் இருந்த பழைய மாவு ஆலையின் அஸ்திவாரத்தின்மேல் 1513-ல் மாளிகையைக் கட்டத் தொடங்கியவர் அரசாங்கக் கணக்கு அதிகாரி தொமா போயே. அவர் வேலையாய் வெளியூரில் இருந்ததால், கட்டடத்தை முன்நின்று நடத்தியவர் மனைவி காத்ரீன். கட்டியவர்கள் இறந்தபின், பாக்கிக் கடனுக்காக 1535-ல் அரசர் அதை எடுத்துக்கொண்டார்.

1547-ல் இரண்டாம் ஆன்றி மன்னர் அதைத் தம் காதலி தியானுக்குப் பரிசளித்தார். எதிர்க்கரைக்குப் போக வழி வேண்டுமென்று, பிலிபேர் த லோர்ம் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அவர் கல்பாலம் கட்டுவித்தார். 1559-ல் மன்னர் இறந்ததும், பட்டத்து ராணி காத்ரீன் த மெதிசி தியானை வெளியேற்றி, பதிலுக்கு ஷோமோன் மாளிகையைக் கொடுத்தார். பிறகு அந்தப் பாலத்தின்மேலேயே இரண்டடுக்குக் கூடம் எழுப்பினார். நீளம் 60 மீட்டர், அகலம் 6 மீட்டர்.

நடப்பதற்குக் கட்டிய பாலத்தின்மேல் இவ்வளவு பாரமா என்று வாசகர்கள் கேட்கலாம். கல் வளைவு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத்தான் தாங்காது. ஒவ்வொரு வளைவும் பக்கவாட்டில் தூணைத் தள்ளும். ஆனால் அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் தள்ளுவதால் இரண்டும் சரியாகிவிடும். முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்த இரண்டு பேர் விழாமல் இருப்பதைப்போல. தூணுக்கு நேர்மேலே ஏற்றும் பாரம் தூணை இன்னும் உறுதியாகவே நிறுத்தும், அடியில் மண் தாங்கினால். அந்த 'தாங்கினால்' என்பதில்தான் எங்கள் தூக்கம் போகும். வெள்ளம் வடிந்ததும் தூணடியில் மண் அரித்திருக்கிறதா என்று கம்பு விட்டுப் பார்ப்பது எங்கள் முதல் வேலை. நீரை எதிர்கொள்ளும் பக்கத்தில் தூண்களுக்கு மூக்குப்போல் முனை வைத்திருப்பது வெள்ளத்தைப் பிளந்துவிடத்தான்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது மாளிகை தப்பியதற்கு, அப்போதைய உரிமையாளர் துய்ப்பென் அம்மையாரிடம் ஊராருக்கு இருந்த மரியாதையோடு, சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றே பாலம் என்பதும் காரணம் என்கிறார்கள். முதல் உலகப் போரில் அந்தக் கூடம் ஆஸ்பத்திரியாயிற்று. 2,000-க்கும் மேற்பட்ட காயமடைந்த வீரர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள்.

1940 முதல் 1942 வரை ஷேர் நதிதான் எல்லைக்கோடு. மாளிகை வாசல் இருந்த வடகரை ஜெர்மானியர் பிடியில். கூடத்தின் தெற்குக் கதவு திறந்தால் அவர்கள் படை இல்லாத பகுதி. அந்தக் கதவு வழியாகப் பலர் தப்பினார்கள். காதலிக்காக ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போட்ட பாலம், உயிருக்கு ஓடியவர்களுக்கு உதவியிருக்கிறது.

அந்தக் கதவு வழியாக நானும் வெளியே போய், தென்கரையில் இறங்கித் தூணடியைப் பார்த்தேன். மனைவி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. அவளும் குனிந்து பார்த்தாள்.