திறக்க மறுக்கும் ஹார்ட் டிஸ்க்

பழைய கணனியில் பாவித்த வெளி ஹார்ட் டிஸ்க்கைப் புதுக் கணனியில் செருகினால் சிலவேளை "அக்சஸ் டினைட்" என்று வரும். அனுமதி இல்லை என்பதே அதன் பொருள். படங்கள் அழிந்துவிட்டதாக அர்த்தமில்லை. விண்டோஸ் சொந்தக்காரரைப் பெயரால் அல்ல, நீண்ட இலக்கமொன்றால்தான் அறியும். புதுக் கணனியில் அதே பெயரை வைத்தாலும் இலக்கம் வேறு.

டிஸ்க் உங்களுடையது என்றால், அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து, ஃபோல்டரில் வலது கிளிக் செய்யுங்கள். புரொப்பட்டீஸ், செக்கியூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போய், ஓனர் என்ற இடத்தில் உங்கள் பெயரைக் கொடுங்கள். கீழேயுள்ள சிறு பெட்டியிலும் சரி போடவேணும். இல்லாவிட்டால் உள்ஃபோல்டர்கள் திறக்காது. பிறகு எல்லாவற்றையும் மூடி, திரும்பத் திறந்து, கேட்டால் "கன்டினியூ" அழுத்துங்கள்.

"ஃபோர்மட்" செய்யவா என்று கேட்டால் மட்டும் அழுத்தவே வேண்டாம். அது வேறு வருத்தம். 2009 இல் வீட்டுப் படங்களையெல்லாம் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள். பலருக்கு மிஞ்சியது அந்த டிஸ்க்கில்தான். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றி, தெரிந்தவரிடம் கொடுங்கள்.